பெயரையே செல்லாது என்ற படிவம்: ஒரு பதிவுப் பக்கத்தைச் சரிசெய்த 9 நாள்

ஒரு மாதிரித் தேர்வுக்காக நான் எழுதிய பதிவுப் பக்கத்தை நேற்று இரவு பார்த்தபோது, அன்று ‘பதிவு செய்’ பொத்தானை அழுத்திய 38 பேரில் 37 பேர் பதிவாகியிருந்தார்கள். பக்கத்தைத் திறந்துவிட்ட முதல் நாளில் 61 பேர் அழுத்தியும் 23 பேர்தான் உள்ளே வந்தார்கள். நடுவில் எதையெல்லாம் பிரித்துப் போட்டேன், எதை இரண்டு முறை செய்ய வேண்டி வந்தது என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு இலவசப் பயிற்சி மையம் நடத்துகிறார்கள். குரூப் 4 தேர்வு எழுதுகிறவர்களுக்கு அவ்வப்போது மாதிரித் தேர்வு வைப்பார்கள். இதுவரை நோட்டில் பெயர் எழுதிக்கொண்டதே போதுமாக இருந்தது. இந்த முறை சுற்று ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்று, போனிலேயே பதிவு செய்ய ஒரு பக்கம் கேட்டார்கள். நிரல் எழுத பி.எச்.பி., தரவைச் சேமிக்க மைஎஸ்க்யூஎல், பக்கத்தை ஏற்றி வைக்க ஏற்கெனவே நான் பணம் கட்டி வைத்திருந்த ஷேர்டு ஹோஸ்டிங். ஃபிரேம்வொர்க் என்கிற ஆயத்த நிரல் சட்டகம் எதுவும் இல்லை. இரண்டு மாலையில் எட்டுப் பெட்டிகள் கொண்ட படிவம் தயார்: முதற்பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி, கைபேசி, மின்னஞ்சல், பின்கோடு, கடவுச்சொல், மறுபடியும் கடவுச்சொல். எதாவது தப்பானால் பக்கத்தின் உச்சியில் ‘தவறான உள்ளீடு’ என்று ஒரு சிவப்பு வரி வரும். தட்டியதெல்லாம் அழிந்து படிவம் வெறுமையாக நிற்கும்.

முதல் நாள் சாயங்காலம், அந்த நான்கு ஆசிரியர்களில் ஒருவரான டீச்சரம்மா போன் செய்தார். “தம்பி, ஒரு பொண்ணு பேரப் போட்டா தவறான உள்ளீடுன்னு வருதாம். நாலு தடவ போட்டுப் பாத்துட்டு அழுதுட்டே பேசுது.” அந்தப் பெண்ணின் பெயரைத் தேன்மொழி என்று மாற்றிச் சொல்கிறேன்.

அதைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். இந்த 9 நாளில் உருப்படியான முதல் வேலை அதுதான். எத்தனை பேர் தோற்றார்கள் என்பது சர்வரின் பதிவேட்டில் இருந்தது. எந்தப் பெட்டியில் தோற்றார்கள் என்பது எங்குமே இல்லை. அதற்காக ஒரு சின்ன அட்டவணை போட்டேன்: நேரம், பெட்டியின் பெயர், நிராகரித்த விதியின் பெயர், தட்டியதன் நீளம். ஆட்கள் தட்டிய மதிப்பை மட்டும் வேண்டுமென்றே சேமிக்கவில்லை. அதில் கைபேசி எண்ணும் கடவுச்சொல்லும் வந்து சேரும். பிழை தேடுவதற்காக அவற்றைக் குவித்து வைப்பது தவறு. பதினைந்து வரி நிரல். இது இல்லாமல் நான் பெயர்ப் பெட்டியை மட்டும் சரிசெய்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்திருப்பேன்.

ஏனென்றால் மறுநாள் காலை அட்டவணையில் முதலிடத்தில் நின்றது பிறந்த தேதி. என் பிறந்த நாள் 24ஆம் தேதி. போட்டேன், நிராகரித்தது. 5ஆம் தேதி போட்டேன், ஏற்றுக்கொண்டது. 12 ஏற்றது, 13 ஏற்கவில்லை. அதற்கு மேல் தேட வேண்டியிருக்கவில்லை. தேதி சரியா என்று பார்க்கும் பி.எச்.பி.யின் ‘செக்டேட்’ செயற்கூறு மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் கேட்கும். நான் நம் வழக்கப்படி நாள், மாதம், ஆண்டு என்று கொடுத்திருந்தேன். 12ஆம் தேதிக்குப் பின் பிறந்த எல்லோரையும், 13ஆவது மாதம், 24ஆவது மாதம் என்று இல்லாத மாதத்தில் பிறந்தவராக்கி அது தள்ளிவிட்டது. சோதிக்கும்போது எப்போதும் 01-01-2000 என்று போட்டுப் பழகியதால் என் கண்ணில் படவே இல்லை. இரண்டு சொல்லை இடம் மாற்றினேன், அரை நிமிட வேலை.

அதன் பின்விளைவு அரை நிமிடத்தில் தீரவில்லை. உள்ளே வந்த 23 பேரையும் டீச்சரம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தேதியைச் சரிபார்த்தார். நான்கு பேர், “சரியான தேதி எடுக்கல டீச்சர், அதான் 10ன்னு போட்டேன்” என்றார்கள். தப்பான விதி ஆட்களைத் தடுத்து நிறுத்துவதோடு விடுவதில்லை. உண்மையைச் சொன்னவரை வெளியே தள்ளி, பொய்யான தகவலைக் கேட்டு வாங்கி உள்ளே வைக்கிறது. இந்த நாலு தேதிகள் என்னை உறுத்திய அளவுக்கு வேறு எதுவும் உறுத்தவில்லை.

அடுத்தது பெயர். இங்கேதான் அதிக நேரம் போனது.

பெயரில் எண்ணோ குறியீடோ வரக்கூடாது என்று ரெகெக்ஸ் ஒன்று, அதாவது எந்தெந்த எழுத்து வரலாம் என்று சொல்லும் விதி, எழுதியிருந்தேன். எல்லா மொழி எழுத்துகளையும் கணினிக்கு எண்ணாக்கித் தரும் யூனிகோடில் ‘எல்’ வகை, அதாவது எழுத்து என்று வகைப்படுத்தப்பட்டவை, அவற்றுடன் இடைவெளி, புள்ளி. இவ்வளவுதான் அனுமதி. எல்லா மொழிக்கும் பொருந்தும் என்று நினைத்தேன். ஆனால் நாம் ‘தே’ என்பதை ஒரு எழுத்தாகப் பார்க்கிறோம். யூனிகோடுக்கு அது த என்ற எழுத்தும் ஏகாரக் குறியும் ஆக இரண்டு. அந்தக் குறி ‘எல்’ வகை இல்லை, ‘எம்’ வகை, அதாவது எழுத்தோடு ஒட்டும் குறி. மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளியும் ‘எம்’ வகைதான். ஆகவே காலோ கொம்போ புள்ளியோ உள்ள எந்தத் தமிழ்ப் பெயரும் என் படிவத்துக்குச் செல்லாத பெயர். அப்படி எதுவுமே இல்லாத தமிழ்ப் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் சோதித்தது ‘அஅஅ’ என்று தட்டி. அது தேறிவிட்டது.

‘எம்’ வகையையும் சேர்த்ததும் தேன்மொழி உள்ளே வந்தார். ஒரு மணி நேரத்தில் மீனாட்சிசுந்தரம் வெளியே நின்றார். இந்த முறை அட்டவணையில் விதி ‘பெயர் மிக நீளம்’. உச்சவரம்பு 30 என்று வைத்திருந்தேன், எண்ணியது ‘எஸ்டிஆர்லென்’ என்ற செயற்கூறு. அது எழுத்தை எண்ணாது, கணினி சேமிக்கும் அலகான பைட்டை எண்ணும். யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில், யூனிகோடு தரும் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். மீனாட்சிசுந்தரம் நம் கணக்கில் 9 எழுத்து, யூனிகோடு கணக்கில் 16 குறியீடு, பைட்டில் 48. பைட்டில் 30 என்றால் தமிழில் 10 குறியீடுதான். ‘எம்பி’ முன்னொட்டுள்ள செயற்கூறுக்கு மாற்றினால் 16 வரும். ‘கிராஃபீம்’ என்று தொடங்கும் செயற்கூறு 9 என்று நாம் எண்ணுகிறபடியே சொல்லும். பயனருக்குக் காட்டும் செய்தியில் எண்ணிக்கை வந்தால் மூன்றாவதுதான் வேண்டும். 16 எழுத்து இருக்கிறது என்று சொன்னால் அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக் குழம்புவார். வரம்பை 100 ஆக்கி, தரவுத்தளத்தில் பெயருக்கான இடத்தையும் அப்படியே விரித்தேன். 30 என்ற எண்ணை ஏன் வைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு காரணமும் இல்லை.

பிறகு குடும்பப் பெயர். அட்டவணையில் அந்தப் பெட்டிக்கு இரண்டு விதமான தோல்விகள்: ஒன்று வெறுமை, இன்னொன்று ஒரே எழுத்து. நான் எழுதிய விதி, குறைந்தது இரண்டு எழுத்து. தகப்பன் பெயரின் முதலெழுத்தைத்தான் இங்கே எல்லோரும் போடுவார்கள். அதுவும் பெயருக்கு முன்னால் போடுவார்கள். சிலர் தாய், தகப்பன் இருவருடையதையும் போடுவார்கள். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத ஊரில், எங்கோ பார்த்த படிவத்தை அப்படியே இறக்கி வைத்து, அது இல்லாதவரைப் பிழை என்று சொல்லியிருக்கிறேன். நானும் இன்ஷியல் போடுகிறவன்தான். பாஸ்போர்ட் படிவத்தில் எதை எங்கே எழுதுவது என்று நின்று யோசித்தவன்தான். இரண்டு பெட்டியையும் எடுத்துவிட்டு ‘பெயர், இன்ஷியலுடன், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி’ என்று ஒரே பெட்டியாக்கினேன். குரூப் 4க்குப் பத்தாம் வகுப்புதான் தகுதி. எல்லோரிடமும் அந்தச் சான்றிதழ் இருக்கும்.

கைபேசி எண்ணில் நான் பட்ட பாடு வேறு மாதிரி. பெட்டியின் வகை ‘நம்பர்’, நீளம் 10 என்று வைத்திருந்தேன். ‘நம்பர்’ வகையில் நீள வரம்பு வேலையே செய்யாது என்று தெரிந்ததும் ‘டெல்’ வகைக்கு மாற்றினேன். வரம்பு வேலை செய்தது, பிரச்சினையும் அங்கேயே தொடங்கியது. பலரும் எண்ணைத் தொடர்புப் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறார்கள். அது +91, ஒரு இடைவெளி, ஐந்து இலக்கம், மறுபடி இடைவெளி, ஐந்து இலக்கம் என்று வரும். பத்தாவது இடத்தில் பிரௌசர் வெட்டிவிடும். ஒட்டியவர் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும், வால் போயிருக்கும். வரம்பை எடுத்துவிட்டேன். சர்வரில் இடைவெளி, கோடு, அடைப்பு எல்லாவற்றையும் உதறி, மிஞ்சியது 12 இலக்கமாக இருந்து 91இல் தொடங்கினால் அதை நீக்கி, 11 இலக்கமாக இருந்து 0இல் தொடங்கினால் அதை நீக்கி, கடைசியில் 10 இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை என்று மட்டும் பார்க்கிறேன். பின்கோட்டுக்கும் இதே உதறல். நம்மவர்கள் மூன்று இலக்கத்துக்குப் பின் இடைவெளி விட்டு எழுதுவார்கள். அது பிழையில்லை, வாசிப்பதற்கு வசதி. மின்னஞ்சலின் பின்னால் விசைப்பலகை தானாகச் சேர்க்கும் இடைவெளியும் இப்படியே போய்விட்டது. நான்கு வரி நிரலில் அட்டவணையின் பாதி காலியாயிற்று.

நாலாம் நாள், ‘ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ என்ற செய்தி பெருகியது. இதில் இரண்டு கதை. ஒன்று, அக்காவும் தங்கையும் ஒரே போன் வைத்திருக்கிறார்கள். எண்ணை வைத்து ஒருவருக்கு ஒரு பதிவு என்று நான் பூட்டியிருந்தேன். அக்கா பதிந்ததும் தங்கைக்குக் கதவு மூடிவிட்டது. எண், பெயர், பிறந்த தேதி மூன்றும் சேர்ந்து ஒன்றானால்தான் இரட்டைப் பதிவு என்று மாற்றினேன். அங்கே பெயர் மறுபடி ஒரு வேலை வைத்தது. ‘மொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு மாறாமல் ஒன்றாகத் தெரியும், பைட்டில் வேறு. தேன்மொழி ஒரு போனில் 8 குறியீடு, இன்னொன்றில் 9. சேமிப்பதற்கு முன் பெயரை, இரண்டாகப் பிரிந்த குறியை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு வரியைச் சேர்த்தேன், பி.எச்.பி.யின் ‘நார்மலைசர்’ வகுப்பு அதைச் செய்கிறது. அதற்குத் தேவையான ‘இன்டிஎல்’ நீட்டிப்பை ஹோஸ்டிங்கில் கைப்பட இயக்க வேண்டியிருந்தது. முன்பு சொன்ன ‘கிராஃபீம்’ செயற்கூறுக்கும் அதே நீட்டிப்புதான்.

இரண்டாவது கதை இன்னும் மோசம். பேருந்தில் வரும்போது பதிகிறார்கள், சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. பொத்தானை அழுத்தி ஒன்றும் நடக்காததால் மறுபடி அழுத்துகிறார்கள். முதல் அழுத்தலில் பதிவு ஆகிவிட்டது, அதன் பதில் மட்டும் வந்து சேரவில்லை. இரண்டாவது அழுத்தலுக்கு ‘ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ என்று சிவப்பில் பதில் வருகிறது. வெற்றியடைந்தவருக்குத் தோல்வி என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

முதலில் பொத்தானை ஒரு முறை அழுத்தியதும் செயலிழக்கச் செய்தேன். அது தப்பு. சிக்னல் போய்விட்டால் பொத்தான் செத்தே கிடக்கும். பக்கத்தைப் புதுப்பித்தால் எல்லாம் போகும். அதை எடுத்துவிட்டு, படிவம் திறக்கும்போதே அதற்கென்று ஒரு தனி எண்ணை மறைவாக வைத்தேன். அதே எண் இரண்டாம் முறை வந்தால், முதல் முறை உண்டான நுழைவு எண்ணையே மறுபடி காட்டு. முன்பு இரட்டைப் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிறகு சேமித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கோரிக்கை ஒரே நொடியில் வந்தால் இரண்டுமே ‘இல்லை’ என்ற பதிலைப் பெற்று இரண்டும் நுழையும். இப்போது ஒரே பதிவை இரண்டு முறை ஏற்காதபடி தரவுத்தளத்திலேயே ஒரு தனித்துவப் பூட்டு (யுனிக் இன்டெக்ஸ்). நேராகச் சேமிக்க முயல்வேன், மைஎஸ்க்யூஎல் இரட்டைப் பதிவைக் குறிக்கும் 1062 என்ற பிழையைத் திருப்பினால் அதைப் பிடித்து உரிய செய்தியாக மாற்றுவேன்.

கடவுச்சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய எழுத்து, எண், குறியீடு என்று மூன்று விதி வைத்திருந்தேன். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியே இந்த மாதிரிக் கலவை விதிகள் வேண்டாம் என்கிறது. மூன்றையும் நீக்கி, குறைந்தது 8 என்பதை மட்டும் வைத்தேன். ‘மறுபடியும் கடவுச்சொல்’ பெட்டிக்குப் பதில் ‘காட்டு’ என்ற பொத்தான். ஒன்று மட்டும் கவனம்: கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமிக்கும் பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. தமிழில் அது 24 குறியீடு.

ஐந்தாம் நாள் செய்திகளை உட்கார்ந்து எழுதினேன். ‘தவறான உள்ளீடு’ என்பதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே அதற்குரிய வாக்கியம். ‘கைபேசி எண்ணில் 9 இலக்கம் இருக்கிறது, 10 வேண்டும்.’ ‘மின்னஞ்சலில் அட் குறி விடுபட்டிருக்கிறது.’ ‘பிப்ரவரியில் 30ஆம் தேதி இல்லை.’ எழுதிய ஒவ்வொன்றையும் டீச்சரம்மாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். “நீ என்ன தப்புப் பண்ணுனன்னு சொல்ற. அடுத்து என்ன பண்ணணும்னு சொல்லு” என்று இரண்டைத் திருப்பி அனுப்பினார். பிழை வந்தாலும் தட்டியது அப்படியே இருக்கும்படி செய்தேன், கடவுச்சொல் தவிர. திருப்பிக் காட்டும்போது, நிரல் குறிகளை வெறும் எழுத்தாக்கும் ‘எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்’ வழியாகத்தான் காட்ட வேண்டும். அதை விட்டால் பெயர்ப் பெட்டியில் யாராவது ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம்.

கூடவே ஒரு ஆர்வக்கோளாறு. தட்டத் தட்டவே சரிபார்க்கலாம் என்று ஜாவாஸ்கிரிப்ட் எழுதினேன். முதல் இலக்கம் தட்டியதுமே ‘1 இலக்கம் இருக்கிறது, 10 வேண்டும்’ என்று சிவக்கிறது. தமிழில் தட்டும்போது சொல் உருவாகி முடிவதற்குள் சோதனை ஓடிவிடுகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் கையில் கொடுத்துப் பார்த்தேன். “இப்பதானப்பா ஆரம்பிச்சேன்” என்றார். பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகு மட்டும் பார், ஒருமுறை சிவந்துவிட்டால் அதன் பிறகு தட்டத் தட்டப் பார்த்துச் சரியான நொடியில் சிவப்பை எடு என்று மாற்றினேன். இது நன்றாக நிற்கிறது. பிரௌசரே காட்டும் குமிழிச் செய்தி போனின் மொழியில் வருகிறது, பெரும்பாலும் ஆங்கிலம். அதனால் அந்தக் குமிழியை நிறுத்தும் ‘நோவேலிடேட்’ பண்பை ஜாவாஸ்கிரிப்ட் வழியாகச் சேர்த்தேன். ஸ்கிரிப்ட் இறங்காவிட்டால் பழைய குமிழியாவது மிஞ்சும். எப்படியிருந்தாலும் கடைசிச் சோதனை சர்வரில்தான்.

இதோடு முடிந்தது என்று இருந்தேன். ஆறாம் நாள் பார்வையற்ற தேர்வர் ஒருவர் அழைத்தார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துப் போன் பயன்படுத்துகிறவர். “அண்ணே, பட்டன அமுக்குறேன். ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது.” என் பெட்டிகள் சிவந்துகொண்டிருந்தன, செய்திகளும் வந்துகொண்டிருந்தன. அவருக்கு எதுவும் கேட்கவில்லை. அன்று இரவே டாக்பேக்கை இயக்கி, திரையை அணைத்துவிட்டு நானே என் படிவத்தை நிரப்பிப் பார்த்தேன். இருபது நிமிடம் ஆயிற்று, முடிக்க முடியவில்லை.

முதலில் ஒவ்வொரு செய்திக்கும், வந்ததும் வாசிக்கச் சொல்லும் ‘அலர்ட்’ என்ற அடையாளம் கொடுத்தேன். மூன்று பிழை வந்தால் மூன்றும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஒலித்தன. எடுத்துவிட்டேன். இப்போது இருப்பது இது: பிழை உள்ள பெட்டிக்கு ‘ஏரியா-இன்வேலிட்’ என்ற பண்பு, செய்தியைப் பெட்டியோடு கட்டிவைக்க ‘ஏரியா-டிஸ்கிரைப்ட்பை’, பொத்தானை அழுத்தியதும் கவனக்குவியம் (ஃபோகஸ்) பிழையுள்ள முதல் பெட்டிக்குத் தாவும். அங்கே போனதும் பெட்டியின் பெயர், செல்லாது என்ற நிலை, செய்தி மூன்றையும் டாக்பேக் வாசிக்கிறது. சிவப்போடு ‘பிழை:’ என்ற சொல்லையும் சேர்த்தேன்; நிறத்தை மட்டும் நம்பக்கூடாது, பிழையை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பவை எல்லோரும் பயன்படுத்தும்படி இணையப் பக்கம் அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி நெறிகளின் அடிப்படை நிலையிலேயே இருக்கின்றன. மறுநாள் அந்தத் தம்பி ஆறு நிமிடத்தில் பதிந்தார். வேண்டுமென்றே ஒரு இலக்கம் குறைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, “இப்ப சொல்லுதுண்ணே” என்றார்.

செலவு: பணமாக 140 ரூபாய். ஐந்து பேரை உட்காரவைத்து அவரவர் போனில் நிரப்பச் சொன்னபோது வாங்கிய டீ, வடை. குறுஞ்செய்தியில் ஓடிபி அனுப்பலாமா என்று பார்த்தோம், மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவோருக்கான டி.எல்.டி. பதிவு, வார்ப்புரு ஒப்புதல் என்று நீண்டதால் விட்டோம். நேரம், மாலைகளில் மட்டும், 26 மணி. அதில் பெயர்ப் பெட்டி ஒன்றே 8 மணி.

மறுபடி செய்வதென்றால், பெட்டி வரைவதற்கு முன்பே தோல்வி அட்டவணையைப் போடுவேன். டீ வாங்கிக் கொடுத்த அந்த ஐந்து பேரைத் திறப்பதற்கு முந்தின நாளே கூப்பிடுவேன். சோதனைப் பெயர்களாக ஒரு கோப்பு வைத்திருக்கிறேன் இப்போது: தேன்மொழி இரண்டு வடிவத்திலும், மீனாட்சிசுந்தரம், இன்ஷியல் முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது, இரண்டு இன்ஷியல், முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பது, ஒரே எழுத்து. தேதிகளில் 31-12, 29-02. சனிக்கிழமை இரவு எதையாவது மாற்றினாலும் இந்தக் கோப்பை ஓடவிட்டுத்தான் ஏற்றுகிறேன்.

நேற்று விடுபட்ட அந்த ஒருவர் மின்னஞ்சல் பெட்டியில் நின்றுவிட்டார். அட்டவணையில் விதி ‘வெறுமை’, மூன்று முறை. அவருக்கு மின்னஞ்சலே இல்லாமல் இருக்கலாம். நுழைவுச் சீட்டைத் திரையிலேயே காட்டுகிறோம், மதிப்பெண்ணைச் சுவரிலும் ஒட்டுகிறோம். மின்னஞ்சல் எதற்கு என்று டீச்சரம்மாவைக் கேட்டேன். “வேணாம், எடுத்துடு” என்றார். இன்று காலை எடுத்துவிட்டேன். பெட்டிகள் ஐந்து ஆயின.